தண்ணீர் நிறுத்தம் முதல் வெள்ள எச்சரிக்கை வரை: அரசாங்க அறிவிப்பு தமிழுக்கு வந்தால் ஏன் இப்படி ஆகிறது?

செந்தூல் வாசகர் | 3 நவம்பர், இரவு 9.12

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அடுக்குமாடியில் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பு மலாயில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது, சில சமயம் சீனத்திலும் இருக்கிறது. தமிழ் மட்டும் இல்லை. தண்ணீர் நிறுத்தமோ, வெள்ள எச்சரிக்கையோ, உதவித் தொகையோ, புலனத்தில் (வாட்ஸ்அப்) யாரோ அரைகுறையாக மொழிபெயர்த்து அனுப்புவதை நம்பித்தான் ஓட்டவேண்டியிருக்கிறது. அரசாங்கத்துக்குத் தமிழில் பேச ஆளே இல்லையா?

மேசைக்காரர் | 3 நவம்பர், இரவு 10.05

ஆள் இருக்கிறது, வாயும் இருக்கிறது. மின்னல் எஃப்எம் இருக்கிறது. டிவி2இல் தமிழ்ச் செய்தி, பெர்னாமாவில் தமிழ்ச் செய்தி. மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் அச்சில் வருகின்றன. பினாங்கு மாநில அரசு தன் ‘புலேட்டின் முத்தியாரா’ செய்தி இதழைத் தமிழில் ‘முத்துச் செய்திகள்’ என்று தனியாகவே போடுகிறது.

கோளாறு வேறு இடத்தில். ஊடக அறிக்கை என்பது அனுப்புகிறவர் வசதிக்கு எழுதப்படுகிறது. முதல் பத்தியில் கூட்டம், தலைமை தாங்கியவர், அவருடைய பட்டங்கள். இரண்டாவதில் நோக்கம். மூன்றாவதில் எத்தனை இலாகா ஒத்துழைத்தது. எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்பது என்கிற நான்கும் ஐந்தாம் பத்திக்குக் கீழே, இல்லையென்றால் பின்னிணைப்பு அட்டவணையில். மொழிபெயர்ப்பவர் மேலிருந்து தொடங்குகிறார். பக்கம் கட்டுகிறவர் இடம் போதாமல் கீழிருந்து வெட்டுகிறார். நடுவில் மாட்டிக்கொண்டு போவது தேதியும் இடமும்தான்.

தமிழில் வரவில்லை என்று நீங்கள் நினைப்பதில் பாதி, வந்து தலை மட்டும் மிஞ்சியது.

செந்தூல் வாசகர் | 3 நவம்பர், இரவு 10.20

பட்டங்கள் மட்டும் ஒருபோதும் வெட்டுப்படுவதில்லை, கவனித்தீர்களா?

மேசைக்காரர் | 3 நவம்பர், இரவு 10.24

அது வெட்டுப்பட்டால் மறுநாள் தொலைபேசி வரும். தேதி வெட்டுப்பட்டால் வராது.

பட்டர்வொர்த்காரன் | 4 நவம்பர், காலை 7.40

பினாங்கு நீர் விநியோகக் கழகத்தின் 2024 ஜனவரி வேலையை வைத்துப் பார்ப்போம். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டும். ஜனவரி 10 புதன் காலை 6 முதல் 14 ஞாயிறு காலை 6 வரை, ஆக 96 மணி நேரம். ஐந்து மாவட்டமும் பாதிப்பு. பாதிக்கப்படுவோர் 5 லட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர் என்று அறிவிப்பு.

இதில் தமிழுக்கு வரும்போது சறுக்கக்கூடிய இடம் அந்த எண். பயனீட்டாளர் என்றால் ஆள் அல்ல, கணக்கு. ஒரு மீட்டர், ஒரு வீடு அல்லது ஒரு கடை. ‘5 லட்சத்து 90 ஆயிரம் பேர்’ என்று போட்டால் பதினேழு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் மாநிலத்தில் மூன்றில் ஒருவருக்குத்தான் தண்ணீர் இல்லை என்று பொருளாகிவிடும். படிக்கிறவர், ‘நம்ம தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) நிறுத்தம் இருக்காது’ என்று வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். கணக்கு என்று போட்டால்தான் ஏறக்குறைய மாநிலம் முழுவதும் என்று விளங்கும்.

பட்டர்வொர்த்காரன் | 4 நவம்பர், காலை 7.52

இன்னொன்று விட்டுப்போயிற்று. அந்த 14ஆம் தேதி போகி, 15 பொங்கல். தமிழர் வீட்டில் எழக்கூடிய ஒரே கேள்வி ‘பானை வைக்கத் தண்ணீர் வருமா’ என்பது. மலாய் மூலத்தில் அதற்குப் பதில் இருக்காது, எழுதியவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. தமிழ் அறிவிப்பு மொழிபெயர்ப்பாக மட்டும் இருந்தால் அதிலும் இருக்காது. ‘வேலை முடிவது ஞாயிறு காலை, மேட்டுப் பகுதிக்கும் குழாயின் கடைக்கோடிக்கும் தண்ணீர் தாமதமாக வரும், பொங்கலுக்கு வேண்டியதைத் தனியாகப் பிடித்து வையுங்கள்’ என்று ஒரு வரி தமிழில் மட்டும் கூடுதலாக வேண்டும். இந்த வரியைச் சேர்க்க அதிகாரியிடம் ஒப்புதல் வாங்குவதுதான் தமிழ் தெரிந்த அலுவலரின் உண்மையான வேலை.

பிறை டீச்சர் | 4 நவம்பர், பிற்பகல் 2.15

தண்ணீர் திரும்ப வருவதைச் சொல்லும் மலாய்ச் சொல் ‘பெர்பெரிங்காட்’ என்பதை ‘படிப்படியாக’ என்று போடுகிறார்கள். படிப்படியாக என்றால் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றுதான் அம்மாக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பகுதி பகுதியாக என்று போட்டால் என்ன?

மேசைக்காரர் | 4 நவம்பர், மாலை 6.30

டீச்சர் சொல்வது சரி. ‘பகுதி பகுதியாக’ என்பதே சரியான பொருள். இப்படி வழுக்கும் மலாய்ச் சொற்களில் நினைவுக்கு வருகிறவற்றைப் போடுகிறேன். தமிழில் அறிவிப்பு எழுதுகிறவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பாகி. மலாயில் நள்ளிரவு கடந்ததிலிருந்தே பாகிதான். ‘1.00 பாகி’ என்பதைக் ‘காலை 1 மணி’ என்று எழுதினால் தமிழில் அப்படி ஒரு நேரமே இல்லை. படிப்பவர் அச்சுப் பிழை என்று நினைத்துப் பிற்பகல் 1 என்று திருத்திக்கொள்வார். ‘நள்ளிரவு கடந்து 1 மணி’ என்று எழுதுங்கள். நள்ளிரவு 12 மட்டும் என்றால் எந்த நாளின் நள்ளிரவு என்று இரண்டு நாளையும் போடவேண்டும்: ‘செவ்வாய் முடிந்து புதன் பிறக்கும் நள்ளிரவு 12’. நீளம்தான். தவறாமல் இருக்க வேறு வழி இல்லை.

பெத்தாங். பிற்பகல் 2 வாக்கில் தொடங்கிவிடுகிறது. ‘3.00 பெத்தாங்’ மாலை 3 ஆகாது, பிற்பகல் 3.

மாலாம் ஜுமாஆட். இது வெள்ளிக்கிழமை இரவு அல்ல. வெள்ளிக்கு முந்திய இரவு, அதாவது வியாழன் இரவு. ‘ஜுமாஆட் மாலாம்’ என்று திருப்பிப் போட்டால்தான் வெள்ளி இரவு. சாலை மூடல் அறிவிப்பில் இதைக் கோட்டை விட்டால் முழுசாக ஒரு நாள் தப்பு.

தீமோர் லாவுட். ஜார்ஜ்டவுன் இருக்கும் மாவட்டம். தனித்தனியாகப் பார்த்தால் கிழக்கு, கடல். சேர்ந்தால் வடகிழக்கு. பாராட் டாயா தென்மேற்கு. ‘கிழக்குக் கடல் மாவட்டத்தில் தண்ணீர் இல்லை’ என்று வந்தால் ஜார்ஜ்டவுன்காரர் படகு தேடுவார்.

ஜுத்தா, பிலியன். ஜுத்தா பத்து லட்சம், பிலியன் நூறு கோடி. பிலியனைக் கோடி என்று எழுதினால் நூறு மடங்கு குறைகிறது. ஒருவரும் கேட்கமாட்டார்கள், அதுதான் ஆபத்து.

செந்தூல் வாசகர் | 4 நவம்பர், இரவு 8.02

நம் ஊர்த் தமிழில் இன்னொரு வம்பு: வெள்ளி என்றால் காசும்தான், கிழமையும்தான். ‘உதவி 100 வெள்ளி வரும்’ என்றால் நூறாவது வெள்ளிக்கிழமையா?

மேசைக்காரர் | 4 நவம்பர், இரவு 8.10

சிரித்தாலும் விஷயம் உண்டு. எழுத்தில் ரிங்கிட், பேச்சில் வெள்ளி. கிழமைக்கு எப்போதும் ‘வெள்ளிக்கிழமை’ முழுசாக.

அரசாங்கத்தின் அந்த நூறு ரிங்கிட் ‘சாரா’ உதவியே நல்ல பாடம். 2025 ஜூலை 23இல் அறிவித்தார்கள். 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் அனைவருக்கும், சுமார் 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை மைகாட் (அடையாள அட்டை) வழியாக. ‘நூறு ரிங்கிட் கொடுக்கிறார்கள்’ என்ற மூன்று சொல்தான் ஊர் முழுக்கப் போயிற்று. கையில் வராது, வங்கிக் கணக்கிலும் வராது, மனு போடத் தேவையில்லை, பதிவு பெற்ற கடையில் மைகாட்டைக் கொடுத்துக் குறிப்பிட்ட வகைப் பொருள் வாங்கலாம், அவ்வளவுதான். ‘வராது’, ‘தேவையில்லை’ என்ற இரண்டையும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே வைத்தால் முகப்பில் வந்து நிற்கிற கேள்வியில் பாதி குறையும். முதல் நாள் எல்லாரும் ஒரே நேரத்தில் கடைக்குப் போய்க் கணினி முறை திணறியதே, டிசம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது என்பது அறிவிப்பின் வாலில் கிடந்ததற்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

பிறை டீச்சர் | 5 நவம்பர், காலை 6.50

ஒரே ஒரு சந்தேகம். ‘டிநாசிஹாட்கான்’, ‘டிகெசா’, ‘டிஅராஹ்கான்’ மூன்றும் தமிழில் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்றே வருகிறது. மூன்றும் ஒன்றா?

மேசைக்காரர் | 5 நவம்பர், பிற்பகல் 1.20

ஒன்றே அல்ல, டீச்சர். இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் கனமானது.

முதலாவது ஆலோசனை. கேட்காவிட்டால் நட்டம் உங்களுக்கு. இரண்டாவது வலியுறுத்தல். மூன்றாவது உத்தரவு, பின்னால் சட்டம் நிற்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1988இன் கீழ் விதிமுறை போட்டார்கள். மீறினால் 1,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அந்த மாதிரி அறிவிப்பில் ‘வீட்டிலேயே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் பாதகமில்லை.

தமிழில் மூன்று படி நமக்கு இருக்கிறது. ‘செய்வது நல்லது’, ‘கட்டாயம் செய்யுங்கள்’, ‘செய்ய வேண்டும், மீறினால் அபராதம்’. உத்தரவு என்றால் தண்டனையையும் அதே வாக்கியத்தில் வையுங்கள்.

‘கொள்ளப்படுகிறார்கள்’ என்கிற அந்த வாலைப் பற்றித் தனியாக ஒரு நாள் அழவேண்டும்.

பங்சார் ஒலி | 5 நவம்பர், இரவு 11.35

எல்லாரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். காதுக்குப் போகும் தமிழ் வேறு கதை.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘சுங்கை சிலாங்கூர் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏற்பட்ட துர்நாற்றத் தூய்மைக்கேட்டின் காரணமாகக் கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக் வட்டாரங்களில் நீர் விநியோகம்...’ என்று வாசித்துக்கொண்டே போனால் நிறுத்தப்பட்டதா, சீரானதா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதற்குள் பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்திருப்பான். வானொலிக்கு எழுதும்போது முடிவை முதலில் வையுங்கள். ‘தண்ணீர் இல்லை. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக். காரணம் ஆற்றில் தூய்மைக்கேடு.’ இலக்கணம் குறைந்தது போல் தோன்றும். காதுக்கு இதுதான் இலக்கணம்.

இடப்பெயர்களை ஒரே மூச்சில் நாலுக்கு மேல் அடுக்காதீர்கள். எண் இருந்தால் இரண்டு முறை. சொல்லை எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள், தமிழ்ச் சொல் ஒன்று இரண்டு எழுத்திலும் இருக்கும், பதினெட்டிலும் இருக்கும். கடிகாரத்தை வைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

மேசைக்காரர் | 6 நவம்பர், காலை 8.15

வினை கடைசியில் வரும் சங்கதி ஒலிபெருக்கி வண்டியில் இன்னும் மோசம். தகவல் இலாகா வண்டி தாமானுக்குள் ஊர்ந்து போகிறது. ஒரு வீட்டுக்காரர் காதில் வண்டியின் குரல் தெளிவாக விழுவது, வரும்போது 60 மீட்டர், போகும்போது 60 மீட்டர் என்று வைப்போம். 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்.

பட்டர்வொர்த்காரன் | 6 நவம்பர், காலை 8.33

அண்ணே, கணக்கு உதைக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். 120 மீட்டருக்கு 21, 22 விநாடிதான்.

மேசைக்காரர் | 6 நவம்பர், காலை 8.50

ஒத்துக்கொள்கிறேன். ஆக என் நிலைமை இன்னும் மோசமாகிறது. 10 கிலோமீட்டருக்குக் குறைத்தாலும் 43 விநாடி. அதனால் செய்தி முழுவதும் 15 விநாடிக்குள் முடிந்து, திரும்பத் தொடங்கவேண்டும். அப்போதுதான் நடுவில் கேட்கத் தொடங்கியவருக்கும் ஒரு முழுச் சுற்று கிடைக்கும். முப்பது விநாடி நீளச் செய்தியை ஓட்டினால் ஒரு புளோக் ‘தண்ணீர் விநியோகம்’ வரை கேட்கும், அடுத்த புளோக் ‘நிறுத்தப்படாது’ மட்டும் கேட்கும்.

நாலு மொழியை வரிசையாக ஓட்டுவது அடுத்த பிழை. மலாய், ஆங்கிலம், சீனம் முடிந்து தமிழ் வருவதற்குள் வண்டி அடுத்த சாலையில் இருக்கும். பதினேழு, பதினெட்டு மாடி பிபிஆர் மலிவு வீட்டுக் குடியிருப்பில் வண்டியை நிறுத்தித்தான் வாசிக்கவேண்டும். ஒலிபெருக்கியை மேல்நோக்கிச் சாய்த்து, இரண்டு புளோக்குக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக நிறுத்தி. நடுவில் நின்றால் இரண்டு சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியில் தமிழும் சீனமும் ஒன்றாகிவிடும்.

எழுத்துருக்காரன் | 6 நவம்பர், இரவு 9.48

குறுஞ்செய்தி பற்றி யாரும் தொடவில்லை. ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடு என்றால் 70 எழுத்து. தாண்டினால் இரண்டாகும், காசும் இரண்டாகும். தமிழை ஒதுக்குவதற்கு நிர்வாகம் சொல்லும் காரணங்களில் இது உண்மையானது.

எழுத்துருக்காரன் | 6 நவம்பர், இரவு 10.15

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். 70 எழுத்து இல்லை, 70 குறியீடு. தமிழில் இரண்டும் வேறு. ‘தண்ணீர்’ நமக்கு நாலு எழுத்து: த, ண், ணீ, ர். கைப்பேசிக்கு ஏழு, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியாக எண்ணப்படும். இரண்டு துண்டாகப் பிரிந்தால் ஒரு துண்டுக்கு 70கூட இல்லை, 67. ஒட்டுவதற்கான தகவல் மிச்சத்தைச் சாப்பிட்டுவிடும்.

ஆனாலும் முடியாத காரியம் இல்லை. பட்டர்வொர்த்காரன் சொன்ன வால்வு வேலையை எடுத்துக்கொள்வோம்:

‘தண்ணீர் வராது: புதன் 10/1 காலை 6 முதல் ஞாயிறு 14/1 காலை 6 வரை.’

எண்ணிப் பாருங்கள், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 62. ஒரே செய்தியில் அடங்கிவிட்டது, எட்டு மிச்சம். ‘அன்புடையீர்’ என்று தொடங்கியிருந்தால் அந்த எட்டும் பறந்து, அதற்கு மேலும் போயிருக்கும்.

செந்தூல் வாசகர் | 6 நவம்பர், இரவு 10.31

எண்ணினேன். 62தான். வேலை இல்லாதவன் என்று வீட்டில் பட்டம் கிடைத்தது.

எழுத்துருக்காரன் | 6 நவம்பர், இரவு 11.02

படமாக வரும் அறிவிப்புக்கும் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. மின்னஞ்சலில் வந்ததை ஒட்டுவார். மென்பொருளில் தெற்காசிய மொழி அமைப்பைத் திறக்காமல் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். ‘கோலாலம்பூர்’ என்பதில் க முன்னால் நின்று இரட்டைக் கொம்பு அதற்கப்புறம் தனியாக வரும். ஃபோட்டோஷாப், இன்டிசைன் இரண்டிலும் இதற்கு அமைப்பு இருக்கிறது, ஒரு முறை மாற்றி வைத்தால் போதும். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் ஒட்டியதும் ஆங்கிலக் கிறுக்கலாக மாறும். முரசு அஞ்சல் தமிழ் மென்பொருள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இன்னும் இந்தப் பிழையைச் சுவரில் ஒட்டுவது நமக்கு அழகில்லை.

அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசிப் படத்தைப் பார்க்கவேண்டும். மூலக் கோப்பை அல்ல, கடைசிப் படத்தை. 1080 பிக்சல் அகலப் படத்தில் தமிழ் எழுத்து 36 பிக்சலுக்குக் குறைந்தால் புலனம் சுருக்கிய பிறகு புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்புங்கள், பார்வையற்றவரின் கைப்பேசி படத்தை வாசிக்காது.

பிறை டீச்சர் | 7 நவம்பர், பிற்பகல் 3.05

தேதியே இல்லாமல் வரும் படத்தை என்ன செய்வது? போன வருட வெள்ள அறிவிப்பு மழை பெய்தாலே மறுபடி உயிர்த்தெழுகிறது.

மேசைக்காரர் | 7 நவம்பர், மாலை 5.40

படத்துக்குள்ளேயே, மேல் மூலையில், வெளியிட்ட நாளும் நேரமும், ‘இன்ன நாள் வரை செல்லும்’ என்பதும். கீழே போட்டால் வெட்டி அனுப்பிவிடுவார்கள். மாற்றம் வந்தால் புதுப்படத்தில் ‘இது இரண்டாம் அறிவிப்பு, காலை 10 மணிக்கு வந்ததை விட்டுவிடுங்கள்’ என்று பழையதைப் பெயர் சொல்லிக் கொல்லவேண்டும். புதியதை மட்டும் விட்டால் இரண்டும் உயிரோடு சுற்றும்.

2020 மார்ச் 17ஐ நினைத்துப் பாருங்கள். மறுநாள் கட்டுப்பாடு தொடக்கம். மாநிலம் கடப்பவர்கள் காவல் நிலையத்தில் படிவம் நிரப்பி அனுமதி வாங்கவேண்டும் என்று மாலையில் செய்தி. நிலையங்களில் கூட்டம் நெரிந்தது, நோய் பரவாமல் இருக்கக் கூட்டம் கூடாதே என்று சொல்லத்தான் ஆணையே. இரவுக்குள் அந்த நிபந்தனையை ஒத்திவைத்தார்கள். முதல் செய்தி ஓடிய வேகம் இரண்டாவதற்கு இல்லை. அதற்கப்புறம் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் வந்து ஒரே ஒழுங்கில் எண்களைச் சொன்னாரே, அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே முகம், ஒரே வரிசை, ஏறக்குறைய ஒரே நேரம். நடுவில் வரும் வதந்தியை ‘சாயங்காலம் அவர் சொல்வாரே’ என்று தள்ளிவைக்க மக்களுக்கு ஒரு இடம் கிடைத்தது.

சந்தேகப் படம் வந்தால் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ தளத்தில் தேடலாம். 2025 ஜனவரியில் ஐஃபா என்றொரு புலன உரையாடி விட்டிருக்கிறார்கள், தமிழிலும் கேட்கலாம்.

பங்சார் ஒலி | 7 நவம்பர், இரவு 9.20

திருத்தம் என்று வந்தபின் காணாமல் போன எம்எச்370 விமானத்தை விடமுடியாது. 2014 மார்ச் 8. விமானியறையின் கடைசிச் சொல் ‘ஆல் ரைட், குட் நைட்’ என்று வெளியாகி, உலகம் முழுக்க மேற்கோள் குறிக்குள் போயிற்று. மார்ச் கடைசியில்தான் பதிவில் இருப்பது ‘குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ’ என்று விமானப் போக்குவரத்து இலாகா திருத்தியது. ஏப்ரல் 1இல் முழு உரையாடல் எழுத்தில் வந்தது. இரண்டு வாசகத்துக்கும் பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சாதாரணமாகச் சொல்லவேண்டிய வாசகத்தையே மூன்று வாரம் தப்பாகச் சொன்னவர்கள் மற்றதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

தமிழ்ச் செய்தியில் நாம் பண்ணும் தவறும் இதுவே. அமைச்சர் மலாயில் பேசியதைச் சுருக்கித் தமிழில் எழுதி மேற்கோள் குறி போடுகிறோம். அவர் அந்தத் தமிழைச் சொல்லவே இல்லை. சுருக்கினால் குறி வேண்டாம், ‘என்றார்’ போதும்.

பட்டர்வொர்த்காரன் | 7 நவம்பர், இரவு 10.05

தப்பாகச் சொன்னதைவிடச் சொல்லாமல் வைத்ததற்கு விலை அதிகம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 1999இலிருந்து வெளியிடப்படாமல் இருந்தது, சுற்றுலா பாதிக்கும் என்று. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் கடுமையாகி, போர்ட் கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். அந்த மாதம்தான் எண்கள் மறுபடி வெளியே வந்தன. மறைத்து வைத்திருந்த ஆண்டுகளில் மக்கள் ஜன்னலைத் திறந்து எதிர்ப் புளோக் தெரிகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். எண் வந்தபிறகும் தமிழில் வெறும் எண்ணைப் போட்டால் பயனில்லை. 100 வரை பரவாயில்லை, 101 முதல் 200 ஆரோக்கியமற்றது, 201 முதல் 300 மிகவும் ஆரோக்கியமற்றது, 300க்கு மேல் அபாயம். படிநிலைதான் செய்தி.

மேசைக்காரர் | 8 நவம்பர், காலை 9.10

படிநிலை என்றதும் ஞாபகம் வந்தது. பருவமழை தொடங்கப்போகிறது, இதைச் சொல்லாமல் விட்டால் முந்தையது எல்லாம் வீண்.

‘வாஸ்பாடா’ என்ற ஒரே சொல் மூன்று இடத்தில் வருகிறது. வடிகால் இலாகாவின் ஆற்று நீர்மட்டத்தில் சாதாரணம், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நாலு படி. வாஸ்பாடா கீழிருந்து இரண்டாவது. வானிலை இலாகாவின் தொடர்மழை எச்சரிக்கையில் வாஸ்பாடா, புருக், பஹாயா. வெப்பத்திலும் முதல் படி வாஸ்பாடாதான், மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 பாகை. 37 முதல் 40 வெப்ப அலை. 40க்கு மேல் மூன்றாம் படி.

தமிழில் எல்லாவற்றுக்கும் ‘எச்சரிக்கை’ என்றே போட்டுவிடுகிறோம். அப்படியானால் ஆற்றில் வாஸ்பாடாவும் அமாரானும் ஒரே சொல்லாகிறது. துணிமணி கட்டவேண்டிய நேரமும் கிளம்பவேண்டிய நேரமும் ஒன்றாகிவிடுகிறது. என் பரிந்துரை: வாஸ்பாடா விழிப்பு நிலை, அமாரான் எச்சரிக்கை நிலை, புருக் கடும் நிலை, பஹாயா அபாய நிலை. ஒவ்வொரு முறையும் எத்தனையில் எத்தனையாவது என்று சேருங்கள்: ‘நாலு படியில் மூன்றாவது’. நிறத்தையும் சொல்லுங்கள். வானொலியில் நிறம் தெரியாது என்பதால் அங்கே படி எண் போதும்.

பிறை டீச்சர் | 8 நவம்பர், பிற்பகல் 12.40

வெள்ளத்தில் போய்த் தங்கும் இடம் தற்காலிக நிவாரண மையமா, துயர் துடைப்பு மையமா? இரண்டும் வருகிறது. பாட்டிமார்கள் மலாய்ச் சுருக்கத்தில் பிபிஎஸ் என்கிறார்கள்.

மேசைக்காரர் | 8 நவம்பர், பிற்பகல் 1.15

எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள், டீச்சர். அதைவிட முக்கியம் மையம் எது என்பது. ‘அருகிலுள்ள மையத்துக்குச் செல்லவும்’ என்று எழுதுவதற்குப் பேசாமல் இருக்கலாம். பள்ளியின் பெயர், எந்த வாசல், படுக்கையில் கிடப்பவரை ஏற்ற யாரைக் கூப்பிடுவது. அவசரம் என்றால் 999.

‘பீதியடைய வேண்டாம்’ என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அதைப் படித்த பிறகுதான் பீதி வருகிறது.

செந்தூல் வாசகர் | 9 நவம்பர், இரவு 8.55

என் முதல் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். தமிழில் வரவில்லை என்றேன். வந்ததை யாரும் சுவருக்குக் கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் புளோக்கில் செவ்வாய்க்கிழமை தொட்டி கழுவுகிறார்கள், மலாய் அறிவிப்பு கிடைத்தது. நானே எழுதிப் பார்த்தேன். பார்த்துச் சொல்லுங்கள்:

‘தண்ணீர் வராது. புளோக் பி, 1 முதல் 17 மாடி வரை. செவ்வாய் 11/11, காலை 9 முதல் மாலை 3 வரை. முதல் நாள் இரவே பிடித்து வையுங்கள். மறுபடி வரும்போது கலங்கலாக இருந்தால் தெளியும் வரை குழாயைத் திறந்துவிடுங்கள். கேள்வி இருந்தால் தரைமாடி நிர்வாக அலுவலகம். வெளியிட்டது 9/11, இரவு 9.’

மேசைக்காரர் | 9 நவம்பர், இரவு 9.07

‘மாலை 3’ பிற்பகல் 3. ‘முதல் நாள் இரவே’ என்பதைத் ‘திங்கள் இரவே’ என்று மாற்றுங்கள். குழாயைத் திறந்துவிடுவதற்கு முன் சலவை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றது சரி, ஒட்டிவிடுங்கள் தம்பி.

எழுத்துருக்காரன் | 9 நவம்பர், இரவு 9.15

கையால் எழுதி ஒட்டினால் கொம்பு இடம் மாறாது.